உறைய வேண்டிய ரத்தம்

புது மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் இருந்து போன மாதம் போன் வந்தது. பல் பிரிவுக்கென்றே ரத்தத்தைச் சுழற்றுகிற மெஷின். மூடி தானே பூட்டிக்கொள்ளுமாம், நேரம் முடிந்தால் தானே நின்று மணி அடிக்குமாம். அதற்கு ஒரு சின்ன விழா, விழாவுக்கு ஒரு மலர். "இந்த வேலைய இங்க மொத மொதல்ல செஞ்சவங்க நீங்கதான் மேடம், ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் இப்போது லேபைப் பார்த்துக்கொள்பவர். "நல்ல அனுபவமா எழுதுங்க" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார்.

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். யார் மனமும் கோணாமல், எல்லாருக்கும் நன்றி சொல்லி, சரியாக இரண்டு பக்கம். இது அதில் எழுதாமல் விட்டது. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். தப்பு செய்தவள் நான், கட்டடத்துக்கு எதற்குக் கெட்ட பெயர்?

என் பெயர் தமிழரசி. எலவனாசூர்கோட்டையில் பிறந்து, விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் சாம்பார் மட்டும் நினைவில் இருக்கிறது, அதுவும் நல்லபடியாக இல்லை.

முப்பது வருடம் என்ன வேலை செய்தாய் என்று யாராவது கேட்டால், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டேன் என்பேன். ரத்தத்தில் எத்தனை சிவப்பணு, எத்தனை வெள்ளையணு என்று எண்ண வேண்டுமானால் அது தண்ணீராக ஓட வேண்டும். உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தமோ பத்து நிமிடத்தில் கட்டியாகிவிடும். அதைத் தடுக்க ஓர் உப்பு இருக்கிறது. இப்போது ஊதா மூடி போட்ட குழாயில் கம்பெனிக்காரர்களே அதைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் அதையும் நாங்களே செய்வோம். ஊசி மருந்து வந்த காலிக் குப்பிகளைக் கழுவி, அந்த உப்புக் கரைசலில் சில சொட்டு விட்டு, சூட்டுப் பெட்டியில் வைத்துக் காயவைப்போம். காய்ந்த பிறகு பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, வெறும் குப்பி போலவே இருக்கும். அதனால் மருந்து போட்டதற்கு அடையாளமாக ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி வைப்போம்.

என்னிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. புதிதாக எது வந்தாலும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். எங்கள் வீட்டில் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் பரணில் இருக்கும், ஒடுங்கிப்போன அலுமினியக் குண்டானில்தான் சோறு வடிப்போம். அதே புத்தியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன். புதுக் கண்ணாடிச் சாமான் பீரோவில், கழுவிக் கழுவித் தேய்ந்தது மேஜையில். நிர்வாகத்துக்கு இதனால் என் மேல் தனிப் பிரியம். ஆண்டு விழாவில் சிக்கனத்துக்காக எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம்கூடக் கொடுத்தார்கள். அதையும் பெட்டியைப் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன்.

எனக்கு ஐம்பது தாண்டிய பிறகு டாக்டர் இந்துமதி பல் பிரிவுக்கு வந்தார். அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். லேபின் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும், ஆனாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டுவதற்குப் பதிலாக "அப்புறம்?" என்று கேட்பார். எக்ஸ்ரே ஏன் இன்னும் வரவில்லை என்றால் அதை எடுக்கும் பையன், கரண்ட் போச்சு டாக்டர் என்பான். "சரி, அப்புறம்?" பிலிம் தீந்துபோச்சு. "சரி, அப்புறம்?" டீ குடிக்கப் போயிட்டேன் டாக்டர். அதோடு விட்டுவிடுவார். உண்மை வருகிற வரைக்கும் அந்த ஒரே வார்த்தை, ஒரே குரல். இதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொல்வோம்.

ஒருநாள் கதவைத் தட்டி உள்ளே வந்து, முக்காலியில் உட்கார்ந்து, "அக்கா, எனக்கு ரத்தம் உறையணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருஷமா உறையக் கூடாதுன்னு பாடுபட்டுக்கினு இருக்கேன். நீங்க இன்னா டாக்டர் இப்பிடிக் கேக்கறீங்க?"

அப்போதுதான் சொன்னார். ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று உண்டு. காயம் பட்ட இடத்தை அடைக்கிற வேலை அதனுடையது என்றுதான் நான் படித்திருந்தேன். அடைப்பதோடு அது நிற்பதில்லையாம். அதன் வயிற்றில் வளர்ச்சிக் காரணிகள் என்று சில சத்துகள் இருக்கின்றன. ரத்தம் உறையும்போது அவை வெளியே வந்து, அக்கம்பக்கத்துச் செல்களை இங்கே வா, வந்து பெருகு என்று கூப்பிடுகின்றன. "கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிடற மேஸ்திரி மாதிரிக்கா. அவரு கத்தி புடிக்க மாட்டாரு. ஆனா அவரு கூப்பிடலைன்னா ஒரு ஆளும் வராது." பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்து குழியாகிப்போனவர்களுக்கு, அவர்களுடைய ரத்தத்தையே எடுத்து, தட்டணு நிறைந்த பகுதியை மட்டும் உறைய வைத்து, அந்தக் குழிக்குள் வைத்தால் எலும்பு கொஞ்சம் திரும்ப வளர வாய்ப்பு உண்டு. "வளர்ந்தே தீரும்னு சொல்ல மாட்டேன். பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணலாம்" என்றார்.

செய்முறை கேட்கச் சுலபம். எந்த மருந்தும் போடாத கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த ரத்தம் குழாயில் காத்திருக்கக் கூடாது, ஒரு நிமிடத்துக்குள் லேபில் இருந்த சுழற்றும் மெஷினில் ஏற வேண்டும். எதிரெதிரே ஒரே எடையில் இரண்டு குழாய். பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுற்றவிட்டு, மெஷின் தானாக ஓய்கிற வரை மூடியைத் தொடாமல் நிற்க வேண்டும். அவசரப்பட்டுக் கையால் நிறுத்தினால் எல்லாம் கலங்கிவிடும். நின்ற பிறகு குழாயைப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். அடியில் சிவப்பு, மேலே வெளிர் மஞ்சள் தண்ணீர், நடுவில் இளநுங்கு போல ஒரு கட்டி. அந்த நடுக்கட்டிதான் சரக்கு. இடுக்கியால் தூக்கி, அடியில் ஒட்டிய சிவப்பைக் கத்தரிக்க வேண்டும், ஆனால் சிவப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் ஒரு நூல் அளவு விட்டுவிட வேண்டும். தட்டணு கூட்டமாக இருப்பது அங்கேதான். பிறகு அதை இரண்டு ஈரத் துணிக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தினால் மெல்லிய ஜவ்வாகிவிடும்.

முதன்முதலில் அந்தக் கட்டி கிடைத்த அன்று டாக்டர் இந்துமதி சின்னப் பிள்ளை போலக் குழாயைத் தூக்கிக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தார். வாட்ச்மேனுக்குக்கூடக் காட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இந்த வேலைக்கென்று சென்னையில் இருந்து அவரே இரண்டு பாக்கெட் கண்ணாடிக் குழாய் வரவழைத்துக் கொடுத்தார். "தீரத் தீரச் சொல்லுங்கக்கா, வாங்கிக்கலாம்." முதல் பாக்கெட்டைப் பிரித்துப் பயன்படுத்தினோம். இரண்டாவது பாக்கெட் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயன்படுத்திய குழாய்களை அவர் வீசச் சொன்னார். தங்கம் போன்ற கண்ணாடி, எப்படி வீசுவது? கழுவி, சூட்டுப் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்கி, ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தினேன். அவர் புதுக் குழாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சடையன் வந்தது அதற்குப் பிறகு. கல்வராயன் மலைக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கள்ளக்குறிச்சியில் இருந்து மலைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மேல் வரிசையில் நடு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் கம்பியை விட்டுப் பார்த்தார், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அது இறங்கிக்கொண்டே போயிற்று. எக்ஸ்ரேயில் வேருக்குப் பக்கத்தில் எலும்பே இல்லாமல் ஒரு பள்ளம்.

"எடுத்துட்டுக் கட்டுப்பல் வச்சிக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

சடையன் சட்டைப் பையில் இருந்து விசிலை எடுத்துக் காட்டினார். "டாக்டரம்மா, ஒரு கையில கம்பி, ஒரு கையில டிக்கெட்டு. விசில் நாள் பூரா இந்தப் பல்லுலதான் தொங்கிக்கினு இருக்கும். வளைவுல எதுர லாரி வந்துச்சின்னா வண்டி பின்னாடி போவணும். நான் கீழ எறங்கி ரெண்டு கையயும் காட்டிக்கினே ஊதணும். விசில் நின்னா டிரைவரு பிரேக்க மிதிப்பாரு, அதான் எங்களுக்குள்ள கணக்கு. நடுவுல பல்லு கழண்டு விசில் வுழுந்துச்சின்னா? உளுந்தூர்பேட்ட ரூட்டுல ஒருத்தரு கட்டுப்பல்லு வச்சிக்கினு ஊதினாரு. விசிலோட பல்லும் போயி ஜன்னல் சீட்டு அம்மா மடியில வுழுந்துச்சி."

டாக்டர் சிரிக்கவில்லை, ஆனால் காது சிவந்தது. சடையனும் சிரிக்கவில்லை. "மொதலாளி பாத்துட்டாரு. போன வாரம் ரெண்டு தபா விசில் நழுவிச்சி. பல்ல சரி பண்ணிக்கினு வா, இல்லன்னா கீழ வண்டி கழுவற வேலைக்கிப் போன்னுட்டாரு" என்றார்.

அந்தப் பல்லைக் காப்பாற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சடையன் பாக்குப் போடுவதை நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை. நிறுத்தினார், நிஜமாகவே நிறுத்தினார். என்ன செய்யப் போகிறோம் என்று டாக்டர் அவருக்கு விளக்கிய அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். "ஈறு வேகமா வளரும் சடையன், எலும்பு மெதுவா வளரும். குழியைச் சும்மா விட்டா ஈறு முந்திக்கிட்டு வந்து ரொப்பிடும், எலும்புக்கு இடம் இருக்காது. அதனாலதான் குழிக்குள்ள கொஞ்சம் வச்சிட்டு, மேல ஒரு ஜவ்வும் போட்டு மூடறோம்."

"ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி. இல்லிங்களா?" என்றார் சடையன்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆறு மாசமா இதை ஜனங்களுக்குச் சொல்லத் தெரியாம முழிக்கிறேன்கா. ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாரு."

சிகிச்சை ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு மலையில் ஆஸ்பத்திரி சார்பில் மருத்துவ முகாம். கூட்டம் அதிகமாக வரும், ஊதா மூடிக் குழாய் போதாது என்று தெரிந்ததும் பழைய வித்தை கைகொடுத்தது. ஸ்டாண்டில் இருந்த கழுவிய கண்ணாடிக் குழாய்களை எடுத்து, உறையாமல் தடுக்கும் உப்புக் கரைசலை விட்டுக் காயவைத்து, பிளாஸ்டர் ஒட்டி எடுத்துப் போனேன். முகாம் முடிந்து ஏழெட்டுக் குழாய் மீந்தது. பயன்படுத்தாதவைதானே என்று கழுவாமலே, திங்கட்கிழமை அவற்றைச் சூட்டுப் பெட்டியில் வைத்தேன். வைப்பதற்கு முன் பிளாஸ்டரை உரித்தேன். சூட்டில் பசை உருகிக் கண்ணாடியில் பிடித்துக்கொண்டால் லேசில் போகாது, நாற்றம் வேறு. அவ்வளவு சுத்தம் நான். உரித்ததும் அடையாளம் போயிற்று, அடையாளத்தோடு என் நினைவும் போயிற்று. வெறும் குழாய் என்று எண்ணி ஸ்டாண்டில் அடுக்கினேன்.

புதன்கிழமை காலை சடையன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து, வேரின் மேல் படிந்திருந்த கறையைச் சுரண்டி, குழியைச் சுத்தம் செய்தார் டாக்டர். "அக்கா, இப்ப எடுங்க" என்றார். குழியைத் தயாராக்கிய பிறகுதான் ரத்தம் எடுக்கச் சொல்வார், கட்டி புதிதாக இருக்க வேண்டும். அவர் வலது கையில் ரத்தம் எடுத்தேன், இரண்டு குழாய். எதிர் அறைதான் லேப், ஓடினேன். மெஷினில் வைத்தேன். பன்னிரண்டு நிமிடம். நின்றது. மூடியைத் திறந்தேன்.

அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் தண்ணீர். நடுவில் ஒன்றும் இல்லை. குழாயைச் சாய்த்தேன், தண்ணீர் போலவே சாய்ந்தது. இன்னொரு குழாயும் அப்படியே.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சடையன் வாயில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "ரத்தம் இளக்கற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சடையன் தலையை ஆட்டினார்.

"தலைவலி மாத்திரை? நெஞ்சு வலிக்கு ஏதாவது?"

இல்லை.

உதவிக்கு நின்ற நர்ஸ் ராணி சொன்னாள்: "மலையில இன்னா வேரு இன்னா தழையக் குடிச்சிட்டு வந்தாங்களோ டாக்டர். சொல்ல மாட்டாங்க." 

டாக்டர் சடையனைப் பார்த்தார். "அப்புறம்?"

பாதி மரத்த உதட்டோடு சடையன் சொன்னார். "எங்கம்மா கசாயம் வச்சிக் குடுத்தாங்க டாக்டரம்மா. சளிக்கி. நாலு நாளாக் குடிக்கிறேன்." பிறகு, "அதனாலயா? என் ரத்தம் கெட்டுப் போச்சா?" என்றார்.

ராணி சடாரென்று வெளியே போனாள். டாக்டர் கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். உறையாத ரத்தம் உள்ள ஆளின் வாயைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து. உடனே தைத்துவிட வேண்டும். இன்னொரு முறை திறக்கலாம் என்றால், அந்த மெலிந்த ஈறு இரண்டாம் தடவை தாங்காது. அதை அவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். "தைச்சிடலாம். பல்லைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்" என்றார் மெதுவாக. யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை, பிடுங்குவதுதான் என்று சடையனுக்கும் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், டாக்டர் வெளியே எடுத்துப் போட்ட பஞ்சைத்தான். தட்டில் கிடந்த பஞ்சில் ரத்தம் கட்டியாக உறைந்து கிடந்தது. நான் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சிலும் ஒரு பொட்டு, அதற்கு மேல் பரவவே இல்லை. உடம்பில் உறைகிற ரத்தம் குழாயில் ஏன் உறையவில்லை? கேள்வி வந்த மறுநொடியே, திங்கட்கிழமை என் நகத்தால் உரித்த பிளாஸ்டர் கண் முன்னால் வந்தது.

ஒரு பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடியை மறைக்காமல் சொல்கிறேன். என் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. முப்பது வருடமாகத் தப்பே செய்யாதவள் என்று பெயர். கடிகாரம் வாங்கியவள். யாரோ மலையில் வைத்த ஒரு கசாயம் தானாக வந்து, என் மேல் போடு பழியை என்று நிற்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் பொய்.

சடையனின் மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. 

"டாக்டர், அவரு ரத்தத்துல ஒண்ணும் இல்ல. என் கொழாய்லதான் கோளாறு" என்றேன்.

"அப்புறம்?"

முகாமுக்கு மருந்து போட்டதைச் சொன்னேன்.

"அப்புறம்?"

பிளாஸ்டரை உரித்ததைச் சொன்னேன்.

"அப்புறம்?"

"அது புதுக் கொழாயே இல்ல டாக்டர். கழுவினது. நீங்க குடுத்த ரெண்டாவது பாக்கெட்டு பீரோவுல இருக்கு. பிரிக்கல."

டாக்டர் இந்துமதிக்குக் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு விநாடிதான், கண்ணில் மட்டும். "போய்ப் பிரிங்கக்கா" என்றார்.

ஓடினேன். பாக்கெட்டை வாயால் கடித்துக் கிழித்தேன், குழாய்களைச் சூட்டுப் பெட்டியில் வைக்க நேரமில்லை என்று நினைத்தபோதுதான் உறையின் மேல் கிருமி நீக்கியது என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். இத்தனை நாள் அதைப் படிக்கக்கூட இல்லை. இரண்டு குழாயை எடுத்துக்கொண்டு திரும்பினேன். சடையனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஊசியோடு நின்றேன். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தார். எழுந்து போயிருந்தாலும், நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் நியாயம்தான். அவர் இடது கையை நீட்டினார்.

"ரத்தம் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க பாருங்க அக்கா. எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கங்க." 

மறுபடி பன்னிரண்டு நிமிடம். மெஷின் பக்கத்தில் நான் நிற்க, அங்கே டாக்டர் ஈரத் துணியால் குழியை மூடிப் பிடித்துக்கொண்டு, சடையனுக்கு மரத்தது தெளியாமல் இருக்க இன்னொரு ஊசி போட்டு, மலையில் எத்தனை வளைவு, எந்த வளைவில் குரங்கு அதிகம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் லேப் வரைக்கும் கேட்டது. வாய் திறந்திருக்கும் ஆள் பதில் சொல்ல முடியாது, அதனால் கேள்வியும் அவரே பதிலும் அவரே.

மெஷின் ஓய்ந்தது. திறந்தேன். நடுவில் நுங்கு.

அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கட்டியைப் பொடியாக நறுக்கிக் குழிக்குள் வைத்தார், இன்னொன்றை அழுத்தி ஜவ்வாக்கி மேலே போர்த்தினார், ஈறை இழுத்து மூடித் தைத்தார். "துண்டு போட்டாச்சு சடையன். இனி உக்கார வேண்டியவங்க வந்து உக்காரணும்" என்றார். என்னிடம் அன்று அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாலையில் நானே பழைய குழாய்களையெல்லாம் உடைத்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலை டாக்டர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, "சொன்னீங்களே, அதுக்கு நன்றிக்கா" என்றார். அவர் போன பிறகு நான் அழுதேன்.

எலும்பு பல்லைப் போல முளைத்து வருவது இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை முன்பல்லில் விசில் கூடாது. சடையன் பஸ்ஸின் தகரத்தில் தட்டித் தட்டியே வண்டி ஓட்ட வைத்தார். பின்னால் போகும் வளைவுகளில் மட்டும் கூடவே வரும் டிரைவரின் மச்சானை இறக்கிவிட்டு ஊதச் சொன்னார்களாம். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். ஒன்பதாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தோம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் டாக்டர். கருப்பாக இருந்த பள்ளத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாகத் தூர்ந்திருந்தது. பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"ஊதலாம்" என்றார். அங்கேயே ஊதினார் சடையன், இரட்டை விசில். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பஸ் கிளம்பிவிட்டது என்று எழுந்து நின்றுவிட்டார். வார்டில் இருந்து ஆள் ஓடி வந்தது. டாக்டர் இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இந்த சிகிச்சையை மற்ற பல் டாக்டர்களுக்குப் படத்தோடு எடுத்துச் சொல்ல அவர் விரும்பினார். அதற்கு சடையன் சம்மதக் கையெழுத்து வேண்டும். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். என் தப்பு அதில் வரும் என்று எனக்குத் தெரியும், தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். வந்தது. பெயர் இல்லாமல், ஒரே வரியில். அதற்கு அடுத்து, "நோயாளி குடித்த கசாயமே காரணம் என்று நான் நினைத்தேன். விசாரிக்காமல் அப்படி நினைத்தது தவறு" என்று படித்தார்.

சடையன் பேனாவைக் கீழே வைத்தார். "அத இன்னொரு தபா படிங்க டாக்டரம்மா."

படித்தார்.

"இதை எங்கம்மாவாண்ட யாராச்சும் படிச்சிக் காட்டணும். அன்னிக்கி அவங்க வெளியதான் ஒக்காந்துக்கினு இருந்தாங்க. நர்சம்மா வந்து, இன்னாத்தக் குடிக்கக் குடுத்த, உன் புள்ள ரத்தமே ஒறைய மாட்டேங்குதுன்னு கத்திட்டாங்களாம். நான் எவ்ளோவோ சொல்லிட்டேன், கொழாய்லதான் கோளாறுன்னு. நம்பவே இல்ல. எனக்கு மனசு நோவக் கூடாதுன்னு நீ சொல்றன்னு சொல்லிட்டாங்க. ஒம்போது மாசமா வூட்டுல கசாயமே வைக்கிறது இல்ல."

பீரோவுக்கு நான் ஓடியது வராந்தா வழியாகத்தான். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, அந்த அம்மாவைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சடையன் பஸ்ஸிலேயே மலைக்குப் போனேன். வளைவுகளில் அவர் விசில் ஊதியதைக் கேட்டு எனக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை, அந்த அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் வீட்டு வாசலில் அந்த அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், கூர்மையான கண். சடையன் நான் யார் என்று சொன்னார். புடைப்பது நிற்கவில்லை.

"அம்மா, உங்க கசாயத்துல ஒண்ணும் இல்ல. ரத்தம் எடுத்த கொழாய்ல வேற மருந்து ஒட்டிக்கினு இருந்துச்சி. அத மறந்தது நான்தான். சடையன் சொன்னது நெசம்."

முறம் நின்றது.

"நீயா?"

"நான்தாம்மா."

"எங்கையால எம்புள்ளைக்கி வெஷத்தக் குடுத்துட்டேன்னு நெனச்சிக்கினு கெடந்தேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "எத்தினி பேருக்கு வச்சிக் குடுத்த கை இது. பக்கத்து வூட்டுக் கொழந்தைக்கி இருமல்னு வந்தாங்க, வேணாம்னு தொரத்திட்டேன். அன்னிக்கே வெளிய வந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு உனுக்கு இன்னா?"

டாக்டரிடம் சொன்னேன், சடையனிடம் சொன்னேன், அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். வெளியே ஒருத்தர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றவே இல்லை. "தப்புதாம்மா" என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார்.

சடையனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அம்மியில் ஏதோ நசுங்கும் சத்தம் கேட்டது. பிறகு புகை வந்தது, புகையோடு மிளகும் ஏதோ வேரும் கொதிக்கிற வாசனை. அரை மணி கழித்து ஒரு சொம்பும் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சளி கிளி இருக்குதா உனுக்கு?"

"இல்லம்மா."

"இல்லன்னா இன்னா. குடி."

வாங்கிக் குடித்தேன். அப்படி ஒரு கசப்பை நான் வாழ்நாளில் குடித்ததில்லை. முகம் சுளிக்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். டம்ளரைக் கீழே வைத்து, என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான், இன்னொரு டம்ளரில் ஊற்றி மகனிடம் நீட்டினார்.